வழிப்போக்கனின் பசியும் மலையகத்துச் சாப்பாட்டுக் கடைகளும்

2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்து மழை நாளொன்றில் நானும் நண்பர் ஒருவரும் பேராதனைச் சந்தியில் பதுளை வண்டி ஏறினோம். மறுநாள் காலை அட்டனில் ஓர் இலக்கியக் கூட்டம். நண்பர் ஓய்வுபெற்ற ஆசிரியர், இராகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். நான் அவரை மாஸ்டர் என்பேன். அவர் என்னை நானா என்பார். வட்டவளைக்கு இப்பால் தண்டவாளத்தில் மண் சரிந்திருந்ததால் வண்டி நின்று நின்றுதான் ஏறியது. அட்டன் புகையிரத நிலையத்தில் இறங்கும்போது இரவு எட்டரை மணி. பகலும் சரியாகச் சாப்பிட்டிருக்கவில்லை. மழை விடவில்லை. கடைவீதியில் பாதிக்கு மேல் கதவடைத்துவிட்டார்கள்.

நான் புத்தளத்தவன். உப்பளமும் மணலும் பழகிய எனக்கு அட்டன் அந்நிய ஊர். மாஸ்டருக்கும் அந்த ஊர் அவ்வளவு பழக்கமில்லை. வெளிச்சம் தெரிந்த கடைகளில் ஒன்றை நான் கண்டதும் தீர்மானித்துவிட்டேன். பெயர்ப்பலகையில் பிறையும் 786உம் இருந்தன. கொத்து ரொட்டி போடும் சத்தம் தெரு முனைவரை கேட்டது. ஆட்களும் நிறைந்திருந்தார்கள். வேறென்ன வேண்டும்? மாஸ்டர் எனக்கு முன்னே நுழைந்தார். மேசைகளைத் தாண்டி, கை கழுவப் போகிறவர் போலக் கடையின் பின்பக்கம் போனார். திரும்பி வந்தபோது அவருடைய கைகள் காய்ந்தே இருந்தன.

"வேணாம் நானா. அடுத்ததைப் பாப்போம்."

அடுத்த கடையும் எங்கள் ஆட்களுடையதுதான். மங்கல் வெளிச்சம். பலகையில் எழுத்து பாதி அழிந்திருந்தது. அங்கேயும் பின்பக்கம் போனார். இம்முறை ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ரொட்டிக் கல்லின் முன் நின்றவரிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"மாட்டிறைச்சி போடுற கல்லுதானாங்க இது?"

"ஓம் சேர். ஈக்கிறது ஒரே கல்லுதான். பொய் சொல்ல ஏலா. இடியப்பம் ஈக்குது, சொதி சம்பலோட தாரன்."

"உக்காருங்க நானா" என்றார் மாஸ்டர்.

அவர் சுத்தம் பார்க்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் பார்த்தது வேறொன்று என்பது பிறகுதான் தெரிந்தது. அதைச் சொல்வதற்கு முன், அன்றிரவு என் மனத்தில் ஓடிய பழைய கணக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். அறியாத ஊரில் கண்மூடித் திறப்பதற்குள் ஒரு கடையைத் தேர்ந்துவிடுகிறோம். ஆனால் அந்தத் தேர்வுக்குப் பின்னால் யார் யாருக்குக் குவளை கொடுத்தார்கள், யார் யாரை உட்கார வைத்தார்கள் என்ற நீண்ட சரித்திரம் இருக்கிறது. மலையகத்துக் கடைவீதிகளில் அந்தச் சரித்திரத்துக்குக் கனம் அதிகம்.

அல் கஹ்ப் அத்தியாயத்தில் குகைத் தோழர்கள் நெடுந்தூக்கம் கலைந்து எழுந்ததும் தம்மில் ஒருவரை வெள்ளிக்காசுடன் நகருக்கு அனுப்புகிறார்கள். எந்த உணவு மிகத் தூய்மையானது என்று பார்த்து வாங்கி வருவது அவர் பொறுப்பு. அவர்கள் அறிந்த நகரம்தான். காலம் அதை அந்நிய நகரமாக்கிவிட்டது. பசித்துக் கிடந்தவர்கள் ருசியைப் பார்க்கச் சொல்லவில்லை, தூய்மையைப் பார்க்கச் சொன்னார்கள். அந்தத் தூய்மை எதில் இருக்கிறது என்பதே என் கேள்வி.

இந்த மலைப்பகுதியில் முஸ்லிம் வழிப்போக்கனின் பசி பற்றிப் பேசும் மிகப் பிரபலமான பழைய பதிவு இப்னு பதூதாவுடையது. 1344இல் அவர் எங்கள் புத்தளத்தில் கரையிறங்கினார். அங்கிருந்த ஆரியச் சக்கரவர்த்தியிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: பாவா ஆதம் மலைக்குப் போய் அந்தப் பாதத்தைப் பார்க்க வேண்டும். மன்னர் ஆட்களைக் கூட்டி அனுப்பினார். யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், பரிவாரத்தில் பத்துப் பேர், உணவுப் பொருள் சுமக்கப் பதினைந்து பேர். சாப்பாடு சுமந்தவர்களின் தொகை ஏறத்தாழ வழித்துணையின் அளவுக்கே இருந்ததைக் கவனிக்க வேண்டும்.

அதே மலையைப் பற்றி, ஷீராஸ் நகரத்து வரலாற்றைச் சொல்லும் இடத்தில், அவர் ஒரு கதையும் எழுதுகிறார். 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஷெய்க் அபூ அப்துல்லாஹ் இப்னு கபீப் முப்பது பக்கீர்களுடன் ஆதம் மலைக்குப் போகிறார். வழி தவறுகிறது, பசி தாங்க முடியவில்லை. ஷெய்க் தடுத்தும் கேளாமல் பக்கீர்கள் ஒரு யானைக் கன்றைப் பிடித்து அறுத்துத் தின்றுவிடுகிறார்கள். இரவில் யானைக் கூட்டம் வருகிறது. ஒவ்வொருவரையும் முகர்ந்து பார்த்துத் தின்றவர்களைக் கொல்கிறது. தின்னாத ஷெய்க்கை மட்டும் ஒரு யானை முதுகில் ஏற்றி ஊர்மனைக்குக் கொண்டுபோய் விடுகிறது. அன்று தொட்டு இத்தீவு மக்கள் முஸ்லிம்களை மதிக்கிறார்கள், வீட்டுக்குள் சேர்த்து உணவு கொடுக்கிறார்கள், இந்தியாவில் தாம் கண்ட வழக்கம் அப்படியல்ல என்கிறார் இப்னு பதூதா.

கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் அந்த ஒப்பீட்டுக்கு ஆதாரம் அவருடைய நூலிலேயே இருக்கிறது. மலபார்க் கரையில் அரை மைலுக்கு ஒன்றாகத் திண்ணை வைத்த மர வீடுகளும் கிணறும் வழிப்போக்கருக்கு இருந்தன. அவ்வூரின் பிற சமயத்தவருக்குத் தண்ணீர் பாத்திரத்தில் கொடுக்கப்பட்டது. முஸ்லிமுக்குக் கையில் வார்க்கப்பட்டது. அவர்களுடைய பாத்திரத்தில் முஸ்லிம் உண்டுவிட்டால் அதை உடைத்துவிடுவார்கள், அல்லது அவனுக்கே கொடுத்துவிடுவார்கள். முஸ்லிம்கள் இல்லாத ஊரில் அவனுக்காகச் சமைத்து வாழையிலையில் ஊற்றுவார்கள். பசிக்குச் சோறு கிடைத்தது, பாத்திரம் கிடைக்கவில்லை. அந்த அனுபவத்தோடு வந்த மனிதருக்கு, வீட்டுக்குள் அழைத்து உண்ணக் கொடுத்த இந்தத் தீவு ஆச்சரியமாகவே இருந்திருக்கும்.

இதை நாம் மறந்துவிட்டோம். மலைநாட்டில் சாப்பாடு என்றால் முஸ்லிம் கடை என்று பெருமைப்படும் நாம், இந்த மலையில் முதலில் உண்ணக் கேட்டவர்களாக இருந்தோம். ஊட்டியவர்கள் வேறு மக்கள்.

கண்டி இராச்சியக் காலத்தில் முஸ்லிம்களில் பலர் தவள மாட்டுக்காரர்களாக அரச சேவையில் இருந்தார்கள். மடிகே என்ற பகுதிக்கு உட்பட்டு, பொதிமாடுகளில் உப்பும் கருவாடும் மேலே போயின, பாக்கு கீழே இறங்கியது. எங்கள் புத்தளத்து உப்பும் அவ்வழி ஏறியதுதான். வழியில் அம்பலங்கள் இருந்தன. ஊரார் அங்கே தண்ணீர்ப் பானை வைத்தார்கள். லோர்னா தேவராஜா 1994இல் வெளியிட்ட இலங்கை முஸ்லிம்கள் பற்றிய நூல் இந்த உறவை விரிவாகவே பேசுகிறது.

பிறகு கோப்பிக் காலம் வந்தது. தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய ஏழைச் சனம் காட்டு வழியே மாத்தளை வரை நடந்தது. வாந்திபேதியிலும் பசியிலும் வழியோரம் விழுந்தவர்கள் அநேகர். எந்தக் கடையில் சாப்பிடுவது என்ற கேள்வியே அவர்களுக்கு எழவில்லை. கங்காணி அளந்து கொடுத்த அரிசிதான், அதுவும் கடன் கணக்கில் ஏறியது. 1869இல் கோப்பி இலையில் நோய் விழுந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். கோப்பி அழிந்த மலைகளில் தேயிலை படர்ந்தது. புகையிரதம் 1874இல் நாவலப்பிட்டிக்கும், 1884இல் அட்டனுக்கும், 1885இல் நானுஓயாவுக்கும் வந்தது. அரிசி மேலே ஏறியது, தேயிலை கீழே இறங்கியது. நிலையத்தைச் சுற்றிக் கடைவீதி வளர்ந்தது.

துரைமாருக்குத் தனி உலகம் இருந்தது. நுவரெலியாவில் 1876இல் தொடங்கிய ஹில் கிளப்பின் சாப்பாட்டு மேசையில் இலங்கையருக்கு நெடுங்காலம் இடமில்லை. கடைவீதியோ எல்லாருக்கும் உரியதாக இருந்தது. கரையோரச் சோனகர், உள்ளூர் முஸ்லிம்கள், செட்டிமார், மலையாளிகள், சிங்கள முதலாளிமார் என்று பல தரத்தாரும் கடை போட்டார்கள். லயத்துக்குள் யார் வருவது என்பதைத் துரை தீர்மானித்தார். கோ. நடேசய்யர் தோட்டத்துக்குள் நுழையப் புடவை வியாபாரி வேடம் போட வேண்டியிருந்தது. அதே நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தபோது அதன் தலைமையகத்தை அட்டனில் வைத்தார். துரையின் கண்ணுக்கு அப்பால், காசு கொடுத்தால் உட்காரக் கூடிய ஒரு வாங்கு கடைவீதியில் இருந்தது.

ஆனால் எல்லாக் கடையிலும் எல்லாரும் உட்கார முடிந்ததா? யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் போத்தலிலும் சிரட்டையிலும் தேநீர் ஊற்றிய கதை நாம் அறிந்தது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. அதன் பின்னும் 1968இல் சங்கானையிலும் சாவகச்சேரியிலும் தேநீர்க் கடைப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. மலையகத்திலும் இது இல்லாமலில்லை என்று மாஸ்டர் சொல்வார். அவருடைய தாத்தா சம்பளத்தினத்தில் நகருக்கு இறங்கினால் சில கடைகளின் வாசலில் நின்றுதான் குடிப்பாராம். பாய் கடையில் உட்கார்ந்து குடிப்பாராம்.

இது முஸ்லிம்களின் பெருந்தன்மை என்று நான் எழுதப் போவதில்லை. வியாபாரிக்குக் காசு காசுதான். அத்துடன் எங்கள் விலக்கு பானைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பற்றியது. சாதியின் விலக்கு பானையைத் தொடுகிறவர் யார் என்பதைப் பற்றியது. ஒரே சஹனில் ஆறு பேர் கைபோட்டு உண்ணும் பழக்கமுள்ளவர்களுக்கு எதிரே இருப்பவரின் குவளை பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. அந்தப் பழக்கம் வியாபாரத்துக்கும் வாய்ப்பாக அமைந்தது. அவ்வளவே.

அதற்காகக் கடைக்கும் ஊருக்கும் இடையே எப்போதும் பாசம் நிலவியது என்றும் சொல்ல முடியாது. அட்டனுக்கு ஏறும் வண்டி கம்பளையில் நிற்கிறது. அங்கே அம்பகமுவ வீதிப் பள்ளிவாசலின் முன்னால் பெரஹரா மேளம் கொட்டிச் செல்லலாமா என்று தொடங்கிய வழக்கு 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றத்தில் பெரஹராக்காரருக்கு எதிராக முடிந்தது. மே மாத இறுதியில் கண்டியில் கலவரம் வெடித்துப் பல மாகாணங்களுக்குப் பரவியது. அதிகம் தாக்கப்பட்டவை கரையோரச் சோனகரின் கடைகள். யுத்தகால விலையேற்றமும் கடன் கொப்பியும் அந்தக் கோபத்துக்கு எண்ணெய் வார்த்தன. கடன் கொடுத்த கடையை மக்கள் நம்பியும் இருந்தார்கள், வெறுத்தும் இருந்தார்கள்.

இடியப்பம் வந்தது. முன்னால் ஒரு தட்டில் வடை, ரோல்ஸ், பற்றிஸ் எல்லாம் அடுக்கி வைத்துவிட்டுப் பணியாளர் போய்விட்டார். யார் எத்தனை எடுத்தார் என்று எவரும் பார்க்கவில்லை. நம் நாட்டுக் கடைகளின் இந்த வழக்கத்தை வெளிநாட்டார் வியப்புடன் பார்ப்பார்கள். உண்டவன் எண்ணிச் சொல்வான், முதலாளி அதை நம்பிக் காசு வாங்குவார். மிகுந்தது அடுத்த மேசைக்குப் போகும். கடைக்காரன் நம்மை நம்புகிறான், நாமும் அந்தத் தட்டை நம்புகிறோம்.

இந்த நம்பிக்கை ஒரே இரவில் உடைக்கப்பட்டதை நாம் கண்டோம். 2013இல் ஹலால் சின்னத்துக்கு எதிராகக் கூச்சல் எழுந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் உள்நாட்டுச் சந்தையில் அச்சின்னத்தை விலக்க ஜம்இய்யத்துல் உலமா இணங்க நேர்ந்தது. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் உணவில் கட்டியாகக் கிடந்ததை மலட்டுத்தன்மை மாத்திரை என்றார்கள். கடை தாக்கப்பட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அது மாவுக் கட்டிதான் என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். அந்த அறிக்கைக்கு முன்பே திகனையில் வீடுகளும் கடைகளும் எரிந்து முடிந்திருந்தன. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின், முஸ்லிம் கடைகளில் உண்ணாதீர்கள் என்று பெரிய மதத் தலைவர் ஒருவரே பேசினார். மலபாரில் இப்னு பதூதா கண்ட உடைந்த பாத்திரம் ஏறத்தாழ 700 ஆண்டுகள் கழித்து வேறு உருவில் நம் முன்னால் வந்து விழுந்தது.

இதையெல்லாம் நான் கொஞ்சம் ஆவேசமாகவே மாஸ்டரிடம் சொன்னேன். எல்லாருக்கும் வாங்கு போட்டுக் கொடுத்த சமூகத்துக்கு இந்தக் கதியா என்று கேட்டேன். அவர் இடியப்பத்தைப் பிய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"முதல் கடையில நான் என்ன பாத்தேன்னு கேக்கலையே நானா."

கேட்டேன்.

"கிளாஸ் கழுவுற எடத்துல ஒரு பொடியன். பன்னெண்டு பதிமூணு வயசுதான் இருக்கும். முட்டி வரைக்கும் தண்ணி. நான் அந்த எடத்துல ரெண்டு வருசம் நின்னவன்."

1973, 74ஆம் ஆண்டுகள். இறக்குமதி சுருங்கியது, பங்கீட்டு அரிசி குறைந்தது, மாவுக்கும் பாணுக்கும் வரிசை. அரிசியை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டு செல்லவும் தடை. காணி வைத்திருந்தவர்கள் மரவள்ளியாவது நட்டார்கள். லயத்தில் இருந்தவர்களுக்கு நட நிலமும் இல்லை. தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. பெற்றோர் பிள்ளைகளை நகரத்து வீடுகளுக்கும் கடைகளுக்கும் அனுப்பினார்கள். மாஸ்டருக்கு அப்போது பன்னிரண்டு வயது. வேறொரு நகரத்தில் எங்கள் ஆள் ஒருவரின் சாப்பாட்டுக் கடை. விடிய நான்கு மணிக்கு எழும்ப வேண்டும். மேசைக்குக் கீழே படுக்கை. சம்பளம் அப்பாவின் கைக்குப் போகும். தங்கைமார் இருவர் உயிரோடிருந்தது அந்தக் காசினால்தான் என்று அவரே சொல்கிறார்.

"எனக்குச் சோறு போட்டது பாய் கடைதான். அதை மறக்க மாட்டேன். எம் படிப்பை நிப்பாட்டினதும் அந்தக் கடைதான். அதையும் மறக்க ஏலாது. எங்க தாத்தாவை வாங்குல ஒக்கார வச்சீங்க, சரிதான். எங்களை எங்க நிக்க வச்சீங்க?"

எனக்குப் பதில் இல்லை. முஸ்லிம் கடைகள் மட்டுமா செய்தன என்று கேட்க நா எழுந்தது. எல்லா இனத்தாரின் கடைகளிலும் வீடுகளிலும் தோட்டத்துப் பிள்ளைகள் வேலை செய்தார்கள் என்பது உண்மை. ஆனால் அது பதிலாகாது. தோட்டப் பாடசாலைகளை அரசு 1970களில்தான் பொறுப்பேற்கத் தொடங்கியது. மாஸ்டர் பதினான்கு வயதில் ஓர் ஆசிரியரின் பிடிவாதத்தால் மீண்டும் வகுப்பில் உட்கார்ந்தார். அவரோடு கோப்பை கழுவிய மற்றப் பையன்கள் உட்காரவில்லை. வேலைக்கு வைக்கும் ஆகக் குறைந்த வயது 2021இல் 16ஆக உயர்த்தப்பட்டது. சட்டம் வந்துவிட்டது என்பதற்காகக் கடையின் பின்பக்கத்தை எவரும் போய்ப் பார்ப்பதில்லை. மாஸ்டர் பார்க்கிறார். இத்தனை ஆண்டுகளாக, எந்த ஊருக்குப் போனாலும், கை கழுவும் சாக்கில் அவர் பார்த்து வருவது இதைத்தான்.

நான் முன்பக்கத்துப் பலகையைப் பார்த்தேன். 786ஐயும் பிறையையும் கண்டதும் மனம் சமாதானமாகிவிட்டது. அறுத்தது எப்படி என்று கேட்கும் நாம், கழுவியது யார் என்று கேட்பதில்லை. குகைத் தோழர் தேடிய தூய்மையில் இரண்டுமே அடங்கும் என்றே இப்போது எனக்குத் தோன்றுகிறது. எங்கள் தட்டைச் சந்தேகித்தவர்களின் பொய்யை நாம் எதிர்க்க வேண்டும், எதிர்ப்போம். அந்தத் தட்டைக் கழுவும் கையைப் பற்றிய உண்மைக்கும் நாமே பதில் சொல்லியாக வேண்டும்.

அன்றிரவு அந்த மங்கலான கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவர் நரைத்த தலையுள்ள பெரியவர் ஒருவர், முதலாளியின் சொந்தக்காரராம். ஒரே கல்லுதான் என்று உண்மை சொன்னவருக்கு ஒரு கொத்து வியாபாரம் போயிற்று. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

எழுந்து கல்லாவடிக்குப் போனோம். "இடியப்பம் ரெண்டு பேருக்கு, வடை மூணு, ரோல்ஸ் ஒண்ணு, பிளேன்டீ ரெண்டு" என்று மாஸ்டர் எண்ணிச் சொன்னார். முதலாளி மேசைப் பக்கம் திரும்பியும் பார்க்காமல் கணக்குப் போட்டார். வெளியே வந்தபோது மழை தூறலாகியிருந்தது. முதல் கடையில் இன்னும் கொத்துச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மாஸ்டர் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

"நாளைக்குக் கூட்டம் முடிஞ்சதும் அந்த முதலாளிகிட்டப் பேசணும் நானா. நீங்களும் வாங்க. நீங்க சொன்னாக் கேப்பாரு."

மறுநாள் போனோம். முதலில் அவர் கோபப்பட்டார், பிறகு தேநீர் தரச் சொன்னார். பையன் கொண்டுவந்து வைத்தான். என்ன வகுப்புவரை படித்தாய் என்று மாஸ்டர் கேட்டார். அவன் முதலாளியின் முகத்தைப் பார்த்தான்.